ரெண்டு தபா வாங்கிய காபி கிரைண்டர்

எண்ணூர் நெடுஞ்சாலையில் ஒரு நாளைக்கு ஓடும் கன்டெய்னர் லாரிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி எடை போட்டாலும், எங்கள் 'ரெண்டு தபா' அண்ணன் மண்டைக்குள் சுமந்த கவலையின் எடைக்கு வராது. இதை நான் பொறுப்போடு சொல்கிறேன். திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டு ஒன்றில் அவர் எடை மேடை ஆபரேட்டர். அதே அறையில் பில் போடுகிறவன் நான்.

பெயருக்குக் காரணம், எந்த லாரியையும் இரண்டு முறை எடை போடுவார். போட்டு, இறக்கி, ஒரு சுற்று சுற்றி வரச் சொல்லி மறுபடியும் ஏற்றுவார்.

"ஏன் நைனா, அஞ்சு நிமிசத்துல வெயிட்டு ஏர்றதுக்கு என் வண்டி இன்னா முழுகாமயா கீது?" என்று டிரைவர்கள் கத்துவார்கள்.

"ஏறாதுதான். ஏறிட்டா யாரு பதில் சொல்றது?" என்பார்.

வீடு ராயபுரம். காலையில் பஸ் ஏறி வரும்போது பாதி வழியில், "கேஸை மூட்னேனா இல்லியா, டவுட்டா கீது" என்று குதித்து இறங்கி வீட்டுக்கு ஓடிவிடுவார். வாரத்துக்கு மூன்று நாளாவது இது நடக்கும். நாங்கள் சிரிப்போம்.

ஒருநாள் சிரிப்பு நின்றது. அவர் மனைவி பிலோமினா அண்ணிக்குக் காய்ச்சல் வந்து போனதில் மூக்கு மரத்துப்போயிருந்தது. நல்ல வாசனை, கெட்ட வாசனை எதுவுமே தெரியாது. அன்று அண்ணன் வழக்கம்போலப் பாதி வழியில் திரும்பிப் போனால், அடுப்பில் பால் சுண்டி, பாத்திரம் கருகி, சமையலறை முழுக்கப் புகை. அண்ணி முன்னறையில் சமையலறைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறார்.

அதற்குப் பிறகு அண்ணன் மணிக்கொரு தரம் வீட்டுக்கு போன் போட்டார். "பாலு வெச்சிக்கிறியா? இல்லியா? போய்ப் பாரு. நான் லைன்லயே கீறேன்."

டாக்டர், தினமும் காலையும் மாலையும் கடுமையான வாசனைகளை முகரச் சொன்னார். லவங்கம், எலுமிச்சை, காபி என்று எதுவானாலும் சரி. வாசனை திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார். அண்ணன் காதில் அந்தக் கடைசி வார்த்தை மட்டும்தான் விழுந்தது.

அண்ணி காபிப் பிரியை. எனவே காபி என்று முடிவாயிற்று. துபாயில் நர்சாக இருக்கும் மகள், கையால் அழுத்தி எஸ்பிரெஸ்ஸோ போடும் சின்ன மிசின் ஒன்றை அனுப்பி, "அம்மா, இதுலதான் வாசனை தூக்கலா வரும்" என்றாள். அண்ணியோ, "என் மூக்கு வந்தா ஃபில்டர் காபிக்குத்தான் வரும்" என்று பிடிவாதம். இரண்டுக்கும் கொட்டையை அப்போதைக்கப்போது அரைத்தால்தான் மணம். மிக்ஸியில் போட்டால் பாதி மாவு, பாதி ரவை. ஆகவே, கையால் சுற்றும் கிரைண்டர் ஒன்று வேண்டும். அது இரண்டுக்கும் சரிப்பட வேண்டும்.

அங்கே ஆரம்பித்தது எங்கள் அனைவரின் கஷ்டகாலம்.

"எஸ்பிரெஸ்ஸோக்கு நைஸா அரைக்கணும் நைனா. கொஞ்சம் பெர்சா போனா தண்ணி மாதிரி ஊத்திகினு போய்டும். அதே நைஸை ஃபில்டர்ல போட்டா அடைச்சிக்கும், டிகாஷனே எறங்காது. இன்னா பண்ணலாம் சொல்லு."

"ரெண்டு கிரைண்டர் வாங்கிடுங்கண்ணே."

"ரெண்டு வாங்கினா ரெண்டு கவலை."

வண்ணாரப்பேட்டையில் நானும் அவரும் ஏறி இறங்காத பாத்திரக் கடை பாக்கி இல்லை. ஒரு கடைக்காரர் மிளகு பொடிக்கும் குப்பியை நீட்டி, "இதுலயே எல்லாம் அரைபடும் அண்ணாச்சி" என்றார். அண்ணன் பையிலிருந்து வறுத்த காபிக் கொட்டையை எடுத்துக் கொட்டிச் சுற்றத் தொடங்க, குப்பி இரண்டாகக் கையோடு வந்தது. அதன்பின் அந்தத் தெருவில் எங்களைக் கண்டாலே கல்லாவில் இருப்பவர்கள் எழுந்து நிற்பார்கள்.

கடைசியில் ஆன்லைனில் ஒன்று வாங்கினார். பீங்கான் பல் வைத்தது. சுற்றினால் உள்ளே தண்டு ஆடியது. தூளில் ஒரு பகுதி விபூதி, ஒரு பகுதி ஜல்லி. ஃபில்டர் அடைத்துக்கொண்டது. ஆபரேஷன் தியேட்டர் வாசலில் உட்கார்ந்திருப்பவர் மாதிரி அண்ணன் அதன் முன்னாலேயே ஒரு காலைப்பொழுது முழுக்க உட்கார்ந்து, விரலால் தட்டித் தட்டிப் பார்த்தாராம். அடுத்த நாளே திருப்பி அனுப்பிவிட்டார்.

அந்த வாரம்தான் ஒரு டிரைவர் விளையாட்டாக, "எண்ணூர் கெமிக்கல் காத்துக்கு மூக்கு இல்லாததே நல்லது மாமு" என்று சொல்லிவிட்டான். அண்ணன் அவன் லாரியை ஒரே தடவை எடை போட்டு அனுப்பிவிட்டார்.

அன்று மாலை நானும் அவரும் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்து முடிவெடுத்தோம். எஃகுப் பல். தண்டு ஆடக்கூடாது. அளவு திருகும்போது ஒவ்வொரு 'கிளிக்'குக்கும் மயிரிழைதான் நகர வேண்டும். அப்போதுதான் எஸ்பிரெஸ்ஸோவுக்கு நுணுக்கமாகத் திருத்த முடியும், ஃபில்டருக்கு நிறைய கிளிக் தள்ளிப்போகவும் இடம் இருக்கும். 'ஆர்டர்' பொத்தானை நான்தான் அழுத்தினேன். விட்டால் அவர் இன்னொரு தபா சரிபார்க்கப் போயிருப்பார்.

வந்தது நல்ல கிரைண்டர். எஸ்பிரெஸ்ஸோவுக்குப் பத்து கிளிக், ஃபில்டருக்கு இருபத்திரண்டு என்று நாலு நாளில் பிடித்துவிட்டார். டிகாஷன் சொட்டுச் சொட்டாக இறங்கியது. எல்லாம் சரி, அண்ணி மட்டும், "சுடுதண்ணி மாதிரிதான் கீது" என்றார்.

ஒரு மாதம். இரண்டு மாதம். காலையில் அவர் உள்ளே நுழையும்போது நாங்கள் கேட்கமாட்டோம், முகத்தைத்தான் பார்ப்போம். "ஒன்னியும் இல்ல" என்று தலையாட்டிவிட்டு உட்காருவார்.

அப்புறம் ஒரு சித்திரை வெயில் நாளில் தாமதமாக வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வாசலிலேயே நின்று, அழுகையா சிரிப்பா என்று தெரியாத குரலில் சொன்னார்:

"எஸ்பிரெஸ்ஸோக்கு அரைச்சிகினு இருந்தேன் நைனா. கையே கழண்டுபோச்சி, அவ்ளோ வேர்வை. உங்க அண்ணி பக்கத்துல வந்தா. மூஞ்ச சுளிச்சா. 'இன்னாயா இது, கலீஜா நாறுற, மொதல்ல போய் குளி'ன்றா!"

காபி மணம் அண்ணிக்கு அதன்பிறகு மெல்ல மெல்ல, பாதிதான் திரும்பியது. மீதிக்கு அண்ணன் இன்னும் அரைத்துக்கொண்டிருக்கிறார்.

அன்று அவர் குளிக்காமலேதான் வேலைக்கு வந்திருந்தார். மின்விசிறிக்கு நேர் எதிரே உட்கார்ந்துகொண்டார். மாலைவரை எங்களில் ஒருவர்கூட நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொள்ளவில்லை.