பெட்டியை உடைத்த குற்றம்

அன்புள்ள வக்கீல் மைத்துனனுக்கு அத்தான் எழுதிக்கொள்வது. அங்கே எல்லோரும் சௌக்கியமாக இருக்க வேண்டும். இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லை, மானத்துக்குத்தான் ஆபத்து.

போன மாதம் டிஷ் கம்பெனியின் இணைப்பை வெட்டிவிட்டுச் சந்தா இல்லாத பெட்டி ஒன்று வாங்கினேன். வானத்தில் எல்லோருக்கும் பொதுவாக வரும் சேனல்களை மட்டும் அது பிடிக்கும். செய்தி, வானிலை, பயிர்ப்பூச்சியைப் பற்றி ஒருவர் பேசுவது, எனக்கு அது போதும். கம்பெனிக்குப் பொறுக்கவில்லை. போன வாரம் கழுத்தில் அட்டை மாட்டிய சோதனைக்காரர் ஒருவர் வந்தார். கட்டணச் சேனல்களை நான் திருட்டுத்தனமாகப் பார்ப்பதாகப் புகாராம். மரியாதையாகத்தான், "பெட்டிய உடைச்சீங்களா சார்?" என்று கேட்டார். முப்பத்தொரு வருஷம் அச்சகத்தில் பிழை திருத்தியவன், கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்கிறவன் நான். "ஆமா, நான்தான் உடைச்சேன். வாங்கிட்டு வந்த அன்னைக்கே, கத்தரிக்கோல் வச்சு" என்றேன். அட்டைப்பெட்டியை உடைக்காமல் உள்ளே இருப்பதை எப்படியப்பா எடுப்பது? மனுஷர் முகத்தில் அப்படி ஒரு பிரகாசம். வேறு யாருக்காவது உடைத்துக் கொடுத்தீர்களா என்றார். மாடி வீட்டு டீச்சர் பிரிக்கத் தெரியாமல் தூக்கி வந்த பெட்டியையும் நான்தான் உடைத்தேன் என்று பெருமையாக வேறு சொல்லித் தொலைத்தேன். நான் சொன்னதை அவர் வாக்குமூலமாக எழுதியதில் இரண்டு ஒற்றுப்பிழை இருந்தது. திருத்திவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

நேற்று நோட்டீஸ் வந்துவிட்டது. அவங்க பாஷையில உடைக்கிறதுன்னா சேனலோட ரகசியப் பூட்டை உடைச்சுத் திருடறதாம்! இதை யாருய்யா எனக்குச் சொன்னா? பத்து நாளைக்குள் நான் மன்னிப்புக் கடிதம் கொடுக்க வேண்டுமாம், அதை எங்கள் குடியிருப்பு வாசலில் ஒட்டுவார்களாம், இல்லாவிட்டால் கோர்ட்டில் கேஸாம். விஷயம் அதற்குள் பரவிவிட்டது. காவலாளி என்னைக் கண்டதும் செல்போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்கிறார்.

மன்னிப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. என் பெயருக்குப் பக்கத்தில் திருட்டு என்ற சொல்லை ஒட்ட விடமாட்டேன். பெட்டியை நானே கோர்ட்டுக்குத் தூக்கி வருகிறேன். நீதிபதி முன்னால் போட்டுக் காட்டு. ஒரே ஒரு கட்டணச் சேனல் வந்தாலும் அங்கேயே மீசையை எடுத்துவிடுகிறேன். சமாதானம் கிமாதானம்னு பேசினே, நீ எனக்கு மச்சானே இல்லை. நாளைக்கே பதில் நோட்டீஸ் அனுப்பு.

பிள்ளைகள் நன்றாகப் படித்து நிமிர்ந்து நடக்க என் ஆசிகள்.

இப்படிக்கு,
எதற்கும் அசையாத உன் அத்தான்

பி.கு.: கவரை ஒட்டுவதற்குமுன் உன் அக்காவிடம் இதைப் படித்துக் காட்டினேன். நிதானமாகக் கேட்டுவிட்டு, "பெட்டிய மட்டும் கோர்ட்டுக்குக் கொண்டு போகாதீங்க" என்றாள். நான் சாயங்காலம் நடக்கப் போன நேரத்தில் மெக்கானிக்கை வரவழைத்து உள்ளே ஏதோ செய்ய வைத்திருக்கிறாள். அவள் பார்க்கும் தொடர் கட்டணச் சேனலில்தான் வருகிறதாம். மூன்று வாரமாக நம் வீட்டில் ஓடுகிறது. இன்று நடக்கப் போகாமல் உட்கார்ந்து பார்த்தேன், படம் படு தெளிவு. ஆகவே பதில் நோட்டீஸ் வேண்டாம். மாமியாரைக் கொன்றது யார் என்பது வெள்ளிக்கிழமை தெரிந்துவிடும். சனிக்கிழமை காலையில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன், அதுவரை எப்படியாவது இழுத்துப் பிடி.