மாமனார் உட்கார்ந்த பின்சீட்டு

அநியாயம் இழைக்கப்பட்டவள் கிறிஸ்டினா. இழைத்தவர் அவளுக்குத் தாலி கட்டிய இக்னேஷியஸ். குற்றம்: தன் பழைய கார் கிளம்பாமல் போனதற்கெல்லாம் பெண்டாட்டியின் ராசிதான் காரணம் என்று வில்லியனூர் மார்க்கெட்வரை சொல்லிவைத்தது.

அவர் தனியாகப் போனால் வண்டி ஒரே தட்டலில் உறுமும். அவள் ஏறி உட்கார்ந்தால் ‘கர்ர்ர்’ என்று இருமி அடங்கும். ஞானஸ்நானம், புதுமனை, மாதா திருவிழா, எல்லாவற்றுக்கும் இதே கதி. மெக்கானிக்கைக் கூட்டிவந்தால், அவர் பானெட்டைத் தொடுமுன் சமர்த்தாகக் கிளம்பிவிடும். பேட்டரி சரி, பெட்ரோல் சரி, பிளக் சரி. அப்புறம் எது சரியில்லை? பெண்டாட்டி சரியில்லை. என்ன அருமையான தர்க்கம்!

போதாததற்கு ஒரு ஆவியையும் சாட்சிக்கு இழுத்திருந்தார். காரை வாங்கியவர் அவருடைய அப்பா சார்லஸ். அவர் உயிர் பிரிந்ததும் அதன் பின்சீட்டில்தான். இன்றைக்கும் ஷெட்டைத் திறந்தால் அவருடைய சுருட்டு மணக்கும்.

“பெட்ரோலுக்குத் தெரியுமா, சீட்டுல குந்தியிருக்கறது யாருன்னு?” என்றாள் கிறிஸ்டினா.

“பெட்ரோலுக்குத் தெரியாது. எங்கப்பாவுக்குத் தெரியும்.”

“உசுரோட இருந்தப்ப எங்கிட்ட நல்லாத்தான இருந்தாரு? நான் வச்ச மீன் கொழம்பத் தவுர வேற துன்ன மாட்டாரே.”

“செத்தப்பறந்தான்டி மனுசன் மனசுல பட்டதச் சொல்ல முடியுது.”

இன்றைக்குக் கிறிஸ்டினாவின் அக்கா மகள் ஆரோக்கிய செல்விக்குக் கல்யாணம். பொண்ணை வில்லியனூர் மாதா கோயிலுக்கு இந்தக் காரில் அழைத்துப்போவதாக இக்னேஷியஸ் வாக்குக் கொடுத்திருந்தார். பொண்ணுக்குப் பக்கத்தில் உட்கார வேண்டியவள் சித்தி. அந்தச் சித்தியின் நிழல்கூட ஷெட் பக்கம் விழக்கூடாது என்று உத்தரவு. அக்காவே வந்து, “கோச்சுக்காத கிறிஸ்டி, நல்ல காரியம் பாரு,” என்று முகத்தைப் பார்க்காமல் சொன்னபோதுதான் சுரீரென்றது. கூடப்பிறந்தவளே நம்பிவிட்டாள்!

தை மாதப் பனி. விடிந்தும் விடியாத நேரம். கரும்புக் கொல்லை தெரியவில்லை, எதிர் வீடு தெரியவில்லை. ஷெட் மட்டும் அந்த வெள்ளைக்குள் கறுப்பாக வாய் பிளந்து நின்றது. கிறிஸ்டினா சமையலறை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தாள். இக்னேஷியஸ் பானெட்டைத் தூக்கினார். விசேஷ நாள் வழக்கப்படி ஒரு சொம்பு மாதா குளத்துத் தீர்த்தத்தை எஞ்சின் தலையில் அப்படியே கவிழ்த்தார். சிலுவை போட்டுக்கொண்டு ஏறி செல்ப் அடித்தார்.

கர்ர்ர். கர்ர். அப்புறம் ஒன்றுமில்லை.

இறங்கி வந்து ஜன்னலைப் பார்த்துக் கத்தினார். “அங்கருந்து பாத்தியா இல்லியா?”

“பாத்தா இன்னா? என் கண்ணு இன்னா கார்பரேட்டர்ல பூந்துடுச்சா?”

அவர் வாயைத் திறப்பதற்குள் ஹாரன் அடித்தது. ஸ்டியரிங்கில் யாருமில்லை. நீளமாக, நிதானமாக, சார்லஸ் கிளம்புமுன் அடிப்பாரே அதே மாதிரி அடித்து ஓய்ந்தது. ஷெட் வாசலில் இக்னேஷியஸின் ஒற்றைச் செருப்பு கிடந்தது. ஆள், கோயிலில் ஜெபம் சொல்லும் உபதேசியாரைத் தேடி, “உபதேசியாரே!” என்று அலறிக்கொண்டு பனிக்குள் போய்விட்டார்.

கிறிஸ்டினாவுக்கும் பயம்தான். ஆனால் ஆத்திரம் அதைவிடப் பெரிதாக இருந்தது. இன்றைக்கு அவள் ஏறவில்லை. வண்டியும் கிளம்பவில்லை. ராசிக் கணக்கு அங்கேயே செத்தது. அப்படியானால் மிச்சம் என்ன? அவள் ஏறுகிற நாளெல்லாம் விசேஷ நாள். விசேஷ நாளென்றால் தீர்த்தம். உரம் வாங்கப் போகும்போது யார் தீர்த்தம் தெளிக்கிறார்கள்? மெக்கானிக் வந்து சேர்வதற்குள் ஈரம் காய்ந்துவிடுகிறது. இதைக் கண்டுபிடிக்க ஆவி எதற்கு?

ஷெட்டுக்குள் போனாள். சுருட்டு வாசனை நெஞ்சை அடைத்தது. பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்துவிடும் கறுப்பு மூடியைக் கழற்றினாள். உள்ளே முத்து முத்தாகத் தண்ணீர். மழையில் நனைந்த ஸ்கூட்டரே துடைக்காமல் கிளம்பாது, இது மட்டும் எப்படிக் கிளம்பும்? சேலைத் தலைப்பால் உள்ளும் புறமும் துடைத்தாள். வயர்களையும் ஒற்றியெடுத்தாள்.

அப்போது பின்சீட்டு ஸ்பிரிங் மெல்ல முனகியது. கனத்த உடம்பு ஒன்று சாய்ந்து உட்கார்வது போல.

அவள் திரும்பவில்லை.

“மாமா, நீங்களாயிருந்தா சும்மா குந்துங்க. எனக்கு வேல இருக்கு.”

முனகல் நின்றது. மூடியை மாட்டிவிட்டு ஏறினாள். பாகூரில் அண்ணனுடைய டிராக்டரை ஓட்டிய கால் கிளட்சைத் தானே தேடிக்கொண்டது. ஒரே தட்டல். வண்டி உறுமிற்று.

பனிக்குள் இரண்டு மஞ்சள் விளக்குகள் மிதந்து வருவதைப் பார்த்த இக்னேஷியஸ் நடுத்தெருவில் முழங்கால் போட்டார். உபதேசியார் வீடு பூட்டியிருந்தது. கிடைத்தது பக்கத்து வீட்டு ரோசம்மாள்தான், கையில் இன்னொரு சொம்புத் தீர்த்தத்தோடு.

“அப்பா! வுட்டுடுப்பா!”

“நாந்தாங்க.”

“அடிப்பாவி, எப்டிடி கெளம்புச்சு?”

உண்மையைச் சொல்லத்தான் வாயெடுத்தாள். பிறகு யோசித்தாள். இத்தனை நாள் அவள் பேசிய எந்த நியாயம் இந்த மனிதர் காதில் ஏறியது? ஆவி சொன்னால்தான் ஏறுமென்றால், ஆவியே சொல்லிவிட்டுப் போகட்டும்.

“மாமா ஏறச் சொன்னாரு. ஏறுனேன்.”

ரோசம்மாள் வாயில் கை வைத்தாள். “அப்ப ராசியில்லாதவ இவ இல்லியா, இக்னேஷியஸு?”

“இல்லக்கா,” என்று முனகினார்.

“கேக்கல,” என்றாள் கிறிஸ்டினா.

“இல்லக்கா! கிறிஸ்டினா ராசிக்காரி!”

தெருவில் ஒவ்வொரு வீட்டுக் கதவாகத் திறந்தது. கல்யாண வீட்டு வாசலில் அக்காவின் முகம் தெரிந்தது. கிறிஸ்டினா அந்த முகத்தை நன்றாகப் பார்த்துக்கொண்டாள்.

இக்னேஷியஸ் எழுந்து சொம்பை வாங்கிக்கொண்டு பானெட்டை நெருங்கினார். “கோயிலுக்குப் போற வண்டி, ஒரு சொட்டு மட்டும்...”

“தொடாதீங்க! மாமாவுக்கு ஜலதோசமாம்.”

கை அந்தரத்தில் நின்றது. மெதுவாகக் குனிந்து பின்சீட்டைப் பார்த்தார். யாருமில்லை. சீட்டின் நடுவில் மட்டும் ஒரு பள்ளம் விழுந்திருந்தது. சுருட்டு வாசனை ஜன்னல் வழியே வந்து முகத்தில் மோதியது.

“எனக்கு... எனக்கு ஏதாவது சொன்னாரா?”

கிறிஸ்டினா கியரைப் போட்டாள்.

“சொன்னாரு. ‘அவன பஸ்ஸுல வரச் சொல்லு’ன்னாரு.”