தெற்குக் கரையில் எடுத்த மொட்டை

கோவாவின் தெற்குக் கரையில், ஓலைக் கொட்டகை நாவிதனிடம் நடேசன் தலையைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் நின்ற கனகம் சிரிப்பை அடக்க முந்தானையைக் கடித்துக்கொண்டாள்.

"சிரிக்காதடி. உனக்காகத்தான் போகுது முடி."

அவன் ஃபிட்டராக இருந்த சிகந்திராபாத் பட்டறையில், மேலதிகாரி பத்ரிநாராயணன் ஊர் சுற்ற லீவு தரமாட்டார். சாமி காரியம் என்றால் தருவார். பொய் சொன்னது தெரிந்தால் வேலை போய்விடும். ஆனால் கல்யாணமானதிலிருந்து கனகம் வாய்விட்டுக் கேட்டது கடல் ஒன்றுதான். அதனால் திருப்பதியில் வேண்டுதல் என்று சொல்லிவிட்டு வந்திருந்தான்.

முதலில் வடக்குக் கரைக்குத்தான் போனார்கள். அங்கே சிகந்திராபாத் பக்கத்து ஹைடெக் சிட்டிப் பையன்கள் கும்பலாகப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். எவன் போட்டோவிலாவது மாட்டிக்கொள்வோமோ என்று பயந்து, பஸ் பிடித்துத் தெற்கே வந்துவிட்டான்.

இங்கே இரண்டு படகு, ஒரு நாய், அவ்வளவுதான். சிகந்திராபாத் மெட்டுகுடாவில் தண்டவாளத்தை ஒட்டிய வீட்டில் ரயிலுக்கு மேல் கத்தியே பேசிப் பழகிய கனகம், இங்கே மெதுவாகப் பேசினாள். இவள் குரல் இப்படியா என்று நடேசன் அசந்துபோனான். இருந்த நாளெல்லாம் இருவரும் தண்ணீரை விட்டு ஏறவில்லை.

ஊர் திரும்பும்போது மொட்டை மண்டை வெந்து, தோல் உரிந்துகொண்டிருந்தது.

தொப்பி போட்டுக்கொண்டு பட்டறைக்குப் போனான். வேண்டுதல் மொட்டையை மறைக்கலாமா என்று பத்ரிநாராயணன் கழற்றச் சொன்னார். ஏன் உரிகிறது என்று கேட்டார். தரிசன வரிசை நீளம், வெயில் என்றான். பிரசாதம் எங்கே என்றார். வீட்டில் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டான். சாயங்காலம் மாரெட்பள்ளியில் தன் வீட்டுக்கே கொண்டுவரச் சொன்னார்.

கடையில் லட்டு வாங்கினார்கள். கோயில் வாசம் வர வேண்டுமென்று கனகம் பச்சைக் கற்பூரத்தைத் தாராளமாகவே தடவினாள்.

"தைலம் மாதிரி அடிக்குதேடி."

"பக்தி வாசம்னு சொல்லுங்க."

பத்ரிநாராயணன் லட்டைக் கண்ணில் ஒற்றி வாயில் போட்டார். கண்ணில் நீர் முட்டியது. இருமிக்கொண்டே தண்ணீர் குடிக்க உள்ளே ஓடினார். வேலை போயிற்று என்றே நடேசன் முடிவு கட்டினான்.

அப்போது அவர் மனைவி ஒரு கிண்ணம் வெண்ணெயோடு வந்தாள். நடேசனின் மண்டையைப் பரிதாபமாகப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள்.

"இதைத் தடவிக்கோங்கோ. கோவா தெற்குக் கரையில ஒதுங்க நிழலே கிடையாது, எங்காத்து மனுஷரும் வருஷா வருஷம் திருப்பதின்னு கிளம்பி இப்படித்தான் மண்டை உரிஞ்சு வருவார்."