வால் இழந்த நாற்பத்து மூன்று ஸ்டாம்புகள்

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதிக்கொள்வது. நான் நலம். நீங்களும் தங்கச்சியும் பிள்ளைகளும் நலம் என்றே வைத்துக்கொள்கிறேன். உங்கள் அண்ணனுடைய ஸ்டாம்பு ஆல்பம்தான் நலமில்லை. நின்றுகொண்டு படிக்காதீர்கள், உட்காருங்கள்.

"அண்ணனோட அஞ்சு ஆல்பமும் எனக்குத்தான் அண்ணி, அடுத்த மாசம் வந்து எடுத்துக்கறேன்" என்று போனில் சொன்னீர்கள் இல்லையா, அன்றைக்கே, அண்ணன் தவறியதிலிருந்து எட்டு மாதமாகத் திறக்காத அலமாரியைத் திறந்தேன். கொடுக்கிற பொருளைச் சுத்தமாகக் கொடுக்க வேண்டாமா? முதல் ஆல்பத்தைப் பிரித்தால், ஒரு ஸ்டாம்புக்கு மேலே வெள்ளையாக ஒரு பட்டை, இன்னொன்றுக்குப் பக்கத்தில் கலர் கலராகப் பொட்டு, மற்றொன்றுக்குக் கீழே ஏதோ அச்சடித்த துண்டு வால் மாதிரித் தொங்குகிறது. நான் முப்பது வருஷம் தையல் மெஷினில் உட்கார்ந்தவள். பிசிறு கண்ணில் பட்டால் கை சும்மா இருக்காது. பாவம், மனுஷனுக்கு ஓரம் எடுக்கக்கூட நேரம் கிடைக்காமல் போய்விட்டதே என்று அழுதுகொண்டே, ஓட்டை ஓட்டையாக இருக்கிற இடத்தில் மடித்து, ஒரு பல் சிதையாமல் நாற்பத்து மூன்று ஸ்டாம்புக்கும் ஓரத்தை எடுத்துவிட்டேன். பார்க்க அவ்வளவு லட்சணமாக இருந்தது.

மறுநாள் ஸ்டாம்பு சங்கத்துச் செயலாளர் வந்தார். 'பூதக்கண்ணாடி' என்று அண்ணன் பட்டப்பெயர் வைத்தாரே, அவர்தான். உங்களிடம் கொடுக்கும் முன் ஒரு தரம் பார்த்துச் சொல்லுங்கள் என்று நான்தான் கூப்பிட்டேன். மூன்றாம் பக்கத்தில் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"அம்மா, வால் எங்க?"

"எடுத்துட்டேனே. நீட்டிக்கிட்டு அசிங்கமா இருந்துச்சு."

"அடப் பாவமே! விலையே அந்த வால்லதாம்மா இருந்துச்சு!"

பெரிய தாளில் நூறு ஸ்டாம்பு இருந்தால் கடைசி வரிசையில் உள்ள பத்துக்குத்தான் வால் உண்டாம். வாங்குகிறவர்கள் எல்லாரும் கிழித்துப் போட்டுவிடுவதால் வாலோடு கிடைப்பது அபூர்வமாம். ஓரத்தில் இருக்கும் எண்ணும் பொட்டும் அது எந்த அச்சு என்று காட்டிக்கொடுக்குமாம். சில ஸ்டாம்புக்கு ஓரம் இருந்தாலும் ஒன்றுதான் இல்லாவிட்டாலும் ஒன்றுதான், சிலதுக்கு அதுதான் உயிராம். நான் உயிராகப் பார்த்துப் பார்த்துக் கிள்ளியிருக்கிறேன்.

"குப்பையில போட்டுட்டீங்களா?" என்றார். தையல்காரி துண்டைக் குப்பையில் போடுவாளா? பட்டன் டப்பாவில் பத்திரமாக இருந்ததை மேஜைமேல் கொட்டினேன். இரண்டு பேரும் உட்கார்ந்து எந்த வால் எந்த ஸ்டாம்புக்கு என்று பல்லோடு பல் பொருத்திப் பார்த்தோம். அவர் கண்ணாடியைத் துடைத்து ஒன்று சேர்ப்பதற்குள் நான் வெறுங்கண்ணால் ஏழு சேர்த்துவிட்டேன். கட்டம் போட்ட துணியில் கோடு பிசகாமல் சேர்க்கிற கண் இது. கடைசி வாலும் ஜோடி சேர்ந்ததும் உற்சாகம் தாங்காமல், "பசை கொண்டு வரட்டுமா?" என்று எழுந்தேன். மனிதர் துள்ளிவிட்டார். "ஐயோ, ஒட்டினா மோசடிம்மா! பிரிஞ்சது பிரிஞ்சதுதான். போனது திரும்பி வராது!" என்று கத்தினவர், யாரிடம் என்ன சொன்னோம் என்று உறைத்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டு கதவைப் பார்த்தார். அந்த முகத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது தம்பி. வயிறு வலிக்கச் சிரித்தேன். அவரும் சிரித்தார். மாடி வீட்டு டீச்சர் என்னவோ ஏதோவென்று செருப்புக்கூடப் போடாமல் ஓடிவந்தாள். எட்டு மாதமாக இந்த வீட்டில் சிரிப்புச் சத்தமே கேட்டதில்லையே.

முதல் ஆல்பத்துக்காக என்னை மன்னித்துவிடுங்கள். மற்ற நாலும் முழுசாக இருக்கின்றன. ஆனால் என் கையை நம்ப முடியாது. அடுத்த மாதம் வரை காத்திருக்காமல் இந்த ஞாயிறே வந்து ஐந்தையும் எடுத்துக்கொண்டு போய்விடுங்கள். எனக்கு இதில் ஒன்றும் புரியாது, ஆசையும் கிடையாது. தங்கச்சிக்கு என் அன்பு. பிள்ளைகள் நூறு வயது நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணி

பின்குறிப்பு: தபாலாபீஸ் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். கவுண்டர் பெண் தாளின் நடுவிலிருந்து ஒரு ஸ்டாம்பைக் கிழிக்கப் போனாள். "அது வேணாம்மா, கீழ் வரிசையில வாலோட குடு" என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவள் நிமிர்ந்து, "அந்தத் தொப்பிக்காரர் வீடுதானே நீங்க? அவரும் இப்படித்தான் வாலுக்காக நிப்பாரு" என்றாள். இரண்டு வாங்கினேன். ஒன்று இந்தக் கவரில், இன்னொன்று என் பையில். ஞாயிறு அவசியம் வாருங்கள், சாப்பிட்டுவிட்டுப் போங்கள். ஆல்பத்தை மட்டும் கேட்காதீர்கள். இந்தக் கவரையும் மறக்காமல் திருப்பிக் கொண்டு வாருங்கள். ஓரத்தில் கை வைத்திருந்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.