பூட்டுக் கொத்தனாரும் பிளாக்செயினும்

திருவண்ணாமலையில் தன் பேரைச் சாமிக்குக்கூடச் சொல்லாத ஒரே ஆள் எங்கள் கொத்தனார்தான். வாய்க்கே பூட்டுப் போட்டவரென்று 'பூட்டுக் கொத்தனார்' என்றுதான் கூப்பிடுவோம். அர்ச்சனைத் தட்டோடு நிற்பார். குருக்கள் பேர், நட்சத்திரம் கேட்டால், "சாமி பேருக்கே பண்ணிடுங்க" என்பார். பக்தி என்று நினைத்தீர்களா? அட போங்க, பக்கத்தில் நிற்பவன் காதில் விழுந்துவிடுமாம்!

வேங்கிக்கால் பக்கம் அடுக்குமாடி கட்டிக்கொண்டிருந்தோம். நான் சைட் சூப்பர்வைசர். "எந்த ஊருண்ணே?" என்று டீக்கடைக்காரர் சும்மா கேட்டதற்கு, "இப்போதைக்கு இதாங்க" என்று முடித்துவிட்டார். பௌர்ணமி அன்னதானத்தில் டோக்கனுக்கு போன் நம்பர் கேட்டார்களென்று, வரிசையை விட்டு விலகிப் பட்டினியாகவே கிரிவலம் வந்த மகராசன்.

காரணம் இல்லாமல் இல்லை. முன்பு ஒரு கான்ட்ராக்டரிடம் கொடுத்த ஆதார் ஜெராக்ஸை வைத்து எவனோ சிம் வாங்கி ஊரை ஏமாற்றியிருக்கிறான். போலீஸ் இவரை, மகள் கண்ணெதிரே, வீட்டிலிருந்து இழுத்துப் போயிருக்கிறது. அவர் வாயிலிருந்து நான் பிடுங்க முடிந்தது இவ்வளவுதான்.

அப்போதுதான் கம்பெனியில் வேலையாட்கள் விவரத்தைப் பதிந்து வைக்க பிளாக்செயின் வந்தது. இன்ஜினியர் தம்பி விளக்கினான்: "உங்க விவரத்தைப் பூட்டிப் பல கம்ப்யூட்டர்ல வெச்சிடுவோம். சாவி உங்க போன்ல மட்டும்தான்."

"மொதலாளி தொறப்பாரா?"

"முடியாதுங்க."

"நீ?"

"என்னாலயும் முடியாதுங்க!"

கொத்தனார் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். சிமென்ட் மூட்டைகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு எல்லாவற்றையும் தானே பதிந்தார். "ஆத்திர அவசரத்துக்கு இன்னொரு சாவிய நம்பிக்கையான ஆளுகிட்ட குடுத்து வைங்க" என்றான் தம்பி.

"ரெண்டு சாவி இருந்தா அது பூட்டே இல்லப்பா" என்றார். அன்றைக்கு எல்லோருக்கும் அவர் செலவில் டீ.

போன மாதம் சாரம் சரிந்து விழுந்தார். ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. மகளுக்குச் சொல்ல வேண்டும், அவள் வந்து அப்பன் முகத்தைப் பார்க்க வேண்டும். எங்கே போய்த் தேடுவது? விவரமெல்லாம் பிளாக்செயினில்; அதன் சாவி இருந்த போனும் திறக்கவில்லை.

"யாராலயும் தொறக்க முடியாது சார். அதான் இதோட சிறப்பே..." என்று ஆரம்பித்த தம்பி, வாயைப் பொத்திக்கொண்டு அழுதான்.

பிணவறை வாசலில் அந்த போன் அடித்தது. திரையில் 'சிமென்ட் கடை' என்றிருந்தது. லோடு வேண்டாமென்று சொல்ல எடுத்தேன்.

"அப்பா, சாப்டியா?"

பாவி மனுஷன், பெற்ற மகளையே சிமென்ட் கடையாக்கி வைத்திருக்கிறார்! "பாப்பா, அப்பாவுக்கு அடிபட்டுடுச்சும்மா. எந்த ஊரு நீ? வண்டி அனுப்புறேன்."

"நீங்க யாரு?"

"சைட் சூப்பர்வைசர்மா."

"தெரியாதவங்க கிட்ட ஊரு, பேரு எதுவும் சொல்லக்கூடாதுனு அப்பா சொல்லியிருக்காரு."

கெஞ்சினேன். அவள் அசையவில்லை. "அப்பாகிட்ட போனக் குடுங்க. அவரு சொல்லச் சொன்னா சொல்றேன்."

எப்படி வளர்த்திருக்கிறார் பாருங்கள், பெண்ணை! போனைக் காதில் வைத்தபடியே அந்த மனுஷனைத் திட்டித் திட்டி அழுதேன்.