மேடம் என்று சொல்லக் கூடாது

கூப்பிடேன். வாயைத் திறந்து கூப்பிட்டால் என்ன, முத்து உதிர்ந்துவிடுமா? மூன்றெழுத்துப் பேர். காலையில் வாசல் காவல்காரர்கூட அந்தப் பேரைச் சொல்லித்தான் வணக்கம் வைத்தார். அவர் நாக்கு ஒன்றும் அழுகிப்போகவில்லை. கூப்பிடு.

நடைவழியின் கோடியில் பேராசிரியை லிஃப்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். அவருடைய மூக்குக்கண்ணாடி ஆய்வகத்தின் மூன்றாவது மேஜையில், நாற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் கிடந்தது. அந்த மேஜைக்காரி கண்ணாடியைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலில் நின்றாள். முதல் எழுத்து உதடு வரைக்கும் வந்தது. அதற்குள் தொண்டை கதவைச் சாத்திவிட்டது.

ஓடினாள். பேராசிரியையைத் தாண்டி ஓடி, லிஃப்ட் கதவை மறித்துக்கொண்டு மூச்சிரைக்க நின்றாள்.

"என்ன? தீயா?" என்றார் பேராசிரியை, வெளிறிப்போய்.

"கண்ணாடி."

"இதுக்கா இந்த ஓட்டம்? ஒரு குரல் கொடுத்திருக்கலாமே."

கொடுத்திருக்கலாம். ஆனால் என்னவென்று கொடுப்பது? கடல் தாண்டிப் படிக்க வந்த முதல் நாளே பேராசிரியை சொல்லிவிட்டார்: "மேடம்னு கூப்பிடாதே. எனக்கு உடனே வயசான மாதிரி ஆயிடுது. இங்க எல்லாரும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவாங்க." அன்றிலிருந்து மேடம் போயிற்று. அந்த இடத்துக்குப் பேர் வந்து உட்காரவில்லை. நாற்காலி காலியாகவே கிடந்தது.

இது பயமில்லை என்று அவளுக்குத் தெரியும். பேராசிரியையின் கட்டுரையிலேயே கணக்கு உதைப்பதைக் கண்டுபிடித்து, முகத்துக்கு நேரே சொன்னவள் அவள். "உங்க முடிவு தப்பு" என்று சொல்ல வந்த நாக்குக்கு, அம்மா வயதுக்காரரைப் பேர் சொல்லிக் கூப்பிட மட்டும் வரவில்லை. தப்பைச் சொல்வது வேலை. பேரைச் சொல்வது, கேட்காமல் ஒருவர் தோளில் கை போடுகிற மாதிரி இருந்தது.

வீட்டுக்குப் போன் பேசும்போது விஷயத்தைச் சொன்னாள். அம்மா சிரித்தாள்.

"இதுக்கா மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்க? உங்கப்பாவை நான் என்னிக்காவது பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கேனா? குடும்பம் நடக்கலையா?"

"அம்மா, அவங்க எனக்குக் கைடு. புருஷன் இல்லை."

"யாரா இருந்தா என்ன, வித்தை ஒண்ணுதான். பாத்திரத்தை டொக்குனு வை, திரும்பிப் பாப்பாங்க. இல்லையா, தொண்டையைச் செருமு. அதுக்கும் மசியலைன்னா பிள்ளைங்களை விட்டுக் கூப்பிடு."

"பிள்ளைக்கு நான் எங்கம்மா போவேன்?"

"லேப்ல வேற ஆளே இல்லையா?"

மறுநாள் முதல் வித்தையை இறக்கினாள். பேராசிரியை நுண்ணோக்கியில் குனிந்திருந்தபோது எவர்சில்வர் தட்டை மேஜையில் டொக்கென்று வைத்தாள். பேராசிரியை துள்ளி எழுந்தார். "முளை வந்திருக்கு" என்றாள் இவள். பிற்பகல் ஒரு டொக்கு. சாயங்காலம் ஒன்று. வாரக் கடைசியில் பேராசிரியை அவள் மேஜைக்கே வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "என் மேல ஏதாவது கோபமா?"

"ஐயோ, இல்லையே."

"பாத்திரம் எல்லாம் ரொம்பச் சத்தம் போடுதே."

டொக்கைக் கைவிட்டாள். இருமலுக்கு மாறினாள். இது பிரமாதமாக வேலை செய்தது. ஒரு சின்ன இருமல், பேராசிரியை திரும்புவார், இவள் பேச்சைத் தொடங்குவாள். பல்கலைக்கழகத்திலேயே இந்தச் சிக்கலைத் தீர்த்த முதல் ஆள் தான்தான் என்கிற மிதப்பில் நடமாடினாள்.

அடுத்த வாரம் பேராசிரியையும் இரும ஆரம்பித்தார். அதுவும் மூன்றாவது மேஜைப் பக்கம் வரும்போதுதான் அதிகம். பொய் இருமல் நிஜமாகத் தொற்றுமா என்று, விதை முளைப்பை ஆராய்கிற மூளை குழம்பியது. பாவம் என்று ஒரு பொட்டலம் இருமல் மிட்டாய் வாங்கிப் பேராசிரியையின் மேஜையில் வைத்தாள். திரும்பி வந்து பார்த்தால் அவள் மேஜையிலும் ஒரு பொட்டலம் இருந்தது. கூடவே பேராசிரியையும்.

"நாளைக்கு டாக்டர்கிட்ட போ. நான் சொல்லி வச்சுட்டேன்."

டாக்டர் நெஞ்சைத் தட்டினார், தொண்டைக்குள் விளக்கடித்தார். ஒன்றும் அகப்படவில்லை.

"எப்பல்லாம் வருது?"

பொய் சொல்ல அவளுக்கு வராது. "எங்க கைடு முதுகைக் காட்டி நிக்கும்போது."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அவங்க இல்லாதப்போ?"

"வரவே வராது."

அவர் மெல்லத் தலையை ஆட்டினார். நோய் மனசில் இருக்கிறது, கொஞ்ச நாள் அந்த அம்மாவிடமிருந்து தள்ளியே இரு என்று அனுப்பிவைத்தார். அதோடு விட்டாரா? துறைக்கும் ஒரு வார்த்தை சொல்லிவைத்தார்.

அவளுக்கு அது தெரியாது. இருமினால் டாக்டர், தட்டினால் கோபம், மிச்சம் இருப்பது மூன்றாவது வித்தை என்று லேப் டெக்னீஷியனிடம் போனாள். மனிதர் கருவிகளைப் பழுது பார்ப்பவர், ஓய்வு பெறப் போகிறவர். முதல் நாளே அவரை "அண்ணா" என்று கூப்பிட்டுவிட்டாள். அவருக்கு அர்த்தம் தெரியாது. ஆனாலும் திரும்பிப் பார்ப்பார்.

"அண்ணா, அவங்களைக் கொஞ்சம் கூப்பிடுங்களேன்."

"எதிர்லதானே நிக்கிறாங்க?"

"அதான். கூப்பிடுங்க."

அவர் ஒரு மாதிரி சிரித்துக்கொண்டே கூப்பிட்டார். தினமும் கூப்பிட்டார். பத்தடி தூரத்தில் நிற்கிற கைடுக்கு இவள் ஆள் விட்டுச் சொல்லி அனுப்புகிறாள் என்று லேப் முழுக்கப் பேச்சானது.

வருடப் பரிசீலனை நெருங்கியது. பேராசிரியை "தொடரலாம்" என்றால் உதவித்தொகை தொடரும். இல்லையென்றால் நாற்றுகளை யாரிடமாவது ஒப்படைத்துவிட்டுப் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அந்த வாரம்தான் பேராசிரியையின் அறைக்கு வரும்படி சொன்னார்கள். போனால், அங்கே மாணவர் நல அலுவலர் உட்கார்ந்திருந்தார். குழந்தையைத் தூங்கவைக்கிற குரல் அவருக்கு. மூலையில் ஜன்னல் குளிரூட்டியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு டெக்னீஷியன் அண்ணா.

பேராசிரியை ஜன்னலைப் பார்த்தபடி பேசினார். "என்னைக் கண்டா தட்டுமுட்டுச் சாமான் எல்லாம் பறக்குது. இருமல் வருது, அதுக்குக் காரணமும் நான்தான்னு டாக்டர் சொல்றார். இப்போ நேர்ல பேசவும் பிடிக்கலை. நல்ல மூளை. வேற கைடுகிட்ட போனா நிம்மதியா இருப்பாள்னு தோணுது." கடைசி வார்த்தையில் குரல் கொஞ்சம் உடைந்தது.

வேறு கைடா? அந்த நாற்றுகளும் அந்தச் சண்டைகளும் வேறு யாரோடு? அவளுக்குக் கண் எரிந்தது. இனி மறைக்க ஒன்றுமில்லை என்று எல்லாவற்றையும் கொட்டினாள். மேடம், நாற்காலி, அம்மா, டொக்கு, செருமல், எல்லாம்.

அலுவலர் மூச்சை விட்டார். "அவ்வளவுதானா? இப்போ, என் முன்னாடி, ஒரே ஒரு தடவை பேர் சொல்லிக் கூப்பிடுங்க. முடிஞ்சுது."

அவள் நிமிர்ந்தாள். வாயைத் திறந்தாள். இருமல் வந்தது.

"சரி," என்று அலுவலர் மறுபக்கம் திரும்பினார். "நீங்க பெரியவங்க. நீங்க முதல்ல இவங்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுங்க. கூச்சம் போயிடும்."

பேராசிரியையின் முகம் காதுவரை சிவந்தது. அவரும் இருமினார்.

மூலையில் திருப்புளி கீழே விழுந்தது. டெக்னீஷியன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அவங்க எங்க கூப்பிடுவாங்க? வந்த நாள்ல இருந்து என்கிட்ட 'அந்த மூணாவது மேஜைப் பொண்ணை வரச் சொல்லு'ன்னுதானே சொல்றாங்க. ரெண்டு பக்கமும் தூது போய் என் கால்தான் தேய்ஞ்சுது."

பேராசிரியை மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"ரொம்ப நீளம்," என்றார் பேராசிரியை, தரையைப் பார்த்து. "முதல் நாள் பக்கத்து மேஜைக்காரன் உன் பேரைப் பாதியா வெட்டிக் கூப்பிட்டான். முழுசாச் சொல்ற வரைக்கும் நீ திரும்பவே இல்லை. தப்பாச் சொல்லிடுவேனோன்னு எனக்குப் பயம். அப்புறம் நாளாயிடுச்சு. இனிமே போய்க் கேக்க வெட்கமா இருந்துச்சு."

அப்படியானால் அந்த இருமல் தொற்றியது இல்லை. அவளைக் கூப்பிட்டது.

"இவளை யார்கிட்டயும் மாத்த வேண்டாம். தொடரட்டும்," என்று அலுவலரிடம் சொல்லிவிட்டு, பேராசிரியை அவள் பக்கம் திரும்பினார். ஏதோ பாரம் இறங்கிய முகம். "ஆனா எனக்கு ஒரு உதவி பண்ணு. கூப்பிட வசதியா, சின்னதா ஒரு பேர் சொல்லேன்."

அவள் யோசித்தாள். அத்தைமார் அவள் பேரைச் சுருக்கியபோதெல்லாம் சண்டைக்குப் போனவள் அம்மா, புருஷன் பேரை ஒரு தடவைகூடச் சொல்லாத அதே அம்மா. இருமல் மிட்டாய் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். பொட்டலத்தைப் பேராசிரியை பக்கம் நகர்த்தினாள்.

"வேண்டாம்," என்றாள் மெதுவாக. "நீங்க இருமுங்க. நான் வந்துடறேன்."