ஏழு நாள் அவகாசம்

இனிமேல் எவனும் தன்னை எந்தக் குழுவிலிருந்தும் தூக்க முடியாது என்று குணாளன் ஞாயிற்றுக்கிழமை காலை பத்தேகாலுக்குச் சபதம் எடுத்தார். பத்து மணிக்குத்தான் அவரைத் தூக்கியிருந்தார்கள்.

தோட்டத்து வாட்ஸ்அப் குழு அது. கேமரன் மலையில் ரிங்லெட் ஊருக்கு மேலே தேயிலைச் சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் மூன்று லயத்து வீட்டு வரிசை ஜனங்களும், நூற்று நாற்பத்து மூன்று பேர், அதில் இருந்தார்கள். தண்ணீர்த் தொட்டியில் தவளை செத்துக் கிடக்கிறது என்று குணாளன் எழுதினார். படமும் போட்டார். குழுவை நடத்தும் கோயில் செயலாளர் திருச்செல்வம், 'திருவிழா நேரத்தில் தவளைப் பேச்சு வேண்டாம்' என்றார். குணாளன் தவளையை இன்னொரு கோணத்தில் எடுத்துப் போட்டார். அவ்வளவுதான். நூற்று நாற்பத்திரண்டு ஆனது.

"ஒரு விசாரணை உண்டா? ஒரு லெட்டர் உண்டா?" அடுப்படியில் நின்று குதித்தார். "முப்பது வருஷமா ஃபேக்டரியில ஃபிட்டர். மேனேஜர் துரையே என்னைத் தூக்கணும்னாலும் மூணு வார்னிங் லெட்டர் குடுக்கணும், விசாரணை வைக்கணும், பதில் சொல்ல ஏழு நாள் விடணும். இவன் ஒத்த விரல்ல தூக்கிட்டான்!"

"தவளை இன்னும் தொட்டியிலதான் கிடக்கா?" என்று அவர் மனைவி சசிரேகா கேட்டாள்.

"தவளையா இப்ப முக்கியம்?"

"அந்தத் தண்ணியிலதாங்க உங்க கோப்பி."

குணாளன் கோப்பியைக் கொட்டினார். கோபத்தைக் கொட்டவில்லை. அதை வைத்துக்கொண்டு ஒரு வாரம் வீடியோ பார்த்தார். பார்க்கப் பார்க்கத் தெளிவு வந்தது. உலகத்தில் சில பேர் தங்களுக்கென்று சொந்தமாகவே ஒரு சமூகத் தளத்தை வீட்டுக் கணினியில் நடத்துகிறார்கள். ஒவ்வொருவன் தளமும் ஒரு வீடு. வீடுகள் தங்களுக்குள் கடிதம் போட்டுக்கொள்ளும். இங்கே எழுதினால் அங்கே படிக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலே உட்கார்ந்த முதலாளி கிடையாது. முக்கியமாக, சொந்த வீட்டிலிருந்து உன்னை எவன் தூக்குவான்?

தோட்டத்து ஆபீசில் கழித்துப் போட்ட கணினி ஒன்றைக் கணக்கெழுதும் கிராணியிடம் கேட்டு வாங்கி வந்தார். ஒரே ஒரு சிக்கல். முப்பது வருஷம் போல்ட்டு முறுக்கிய விரல்கள். ஒரு எழுத்தைத் தட்டினால் மூன்று விழும். ஆகவே குணாளன் வீடியோவைப் பார்த்துக் கட்டளைகளைச் சொல்ல, சசிரேகா தட்டினாள். திரையில் என்ன ஓடுகிறது என்று அவளுக்குப் புரிய வேண்டியதில்லை என்றாலும், ஆசிரியராகும் வாய்ப்பை அவர் விடுவாரா?

"இது கண்டெய்னர். ஒவ்வொரு மென்பொருளும் தனித்தனிப் பெட்டிக்குள்ள ஓடும். ஒண்ணு இன்னொண்ணுல கை வைக்காது."

"அடுக்குத் தூக்குச்சட்டி மாதிரி. சாம்பார் ரசத்துல கலக்காது."

"சோத்துலயே நில்லு. சரி, இது ரிவர்ஸ் ப்ராக்சி. தோட்டத்துக் கேட்டுல காவலுக்கு ஜாகா நிக்கிறாருல்ல? வெளிய இருந்து யார் வந்தாலும் அவர்கிட்ட பேரச் சொல்லணும். பேரக் கேட்டு, எந்த வீடோ அங்க அனுப்புவார். கேட்டு ஒண்ணுதான். உள்ள எத்தன வீடு வேணா வச்சுக்கலாம்."

"அப்படியா?" என்றாள் சசிரேகா. "எத்தன வேணாவா?"

"எத்தன வேணா!" என்றார் குணாளன், கேமரன் மலையையே பட்டா போட்டு வாங்கியவர்போல.

கணினியின் பின்பக்கம் எந்நேரமும் சூடாகக் காற்று விட்டது. இந்தக் குளிரில் என்ன செய்தாலும் பொங்காத தோசை மாவு, அதன் பின்னால் வைத்ததும் ஐந்து மணி நேரத்தில் பொங்கியது. அதன் பிறகு சசிரேகாவும் அந்தப் பெட்டியை வீட்டு மனுஷியாக ஏற்றுக்கொண்டாள்.

தளம் பிறந்தது. ஒருவரும் வரவில்லை. குணாளன் தவளைக் கட்டுரையை நான்கு பகுதிகளாக எழுதினார். நான்கையும் அவரே படித்தார். பிறகு சசிரேகா தண்ணீர்க் குழாயடியில் பேச்சுக் கொடுத்தாள். அங்கே எழுதினால் தூக்குகிறார்கள், இங்கே மனசில் பட்டதை எழுதலாம் என்றாள். இரண்டு வாரத்தில் முப்பத்தெட்டுப் பெண்கள் சேர்ந்துவிட்டார்கள். குணாளன் மீசையைத் தடவிக்கொண்டார். நிர்வாகி! அந்தச் சொல் சட்டைப் பையில் புதுப் பேனா போல இருந்தது.

ஒரு சனிக்கிழமை காலை அவர் கண்ணில் அது பட்டது. எழுதியவர் சசிரேகா.

'எங்கள் வீட்டுக்காரர் தொடங்கியவை: காளான் கொட்டகை, ஸ்ட்ராபெரித் தொட்டி, சூரிய வெந்நீர்க் குழாய். முடித்தவை: சோறு.'

முப்பத்தெட்டுப் பேரும் பிடித்திருக்கிறது என்று நட்சத்திரம் போட்டிருந்தார்கள். அதற்குக் கீழே பின்லாந்திலிருந்து ஒரு பெண், தன் மொழியில் எழுதியதைக் கணினி தமிழாக்கியிருந்தது: 'எங்கள் வீட்டிலும்.'

குணாளனுக்குத் தலைக்குள் ஃபேக்டரிச் சங்கு ஊதியது. பதிவை அழித்தார். தன் தளத்தில் அழிந்தது. பின்லாந்துக்காரியின் தளத்துக்குப் போய்ப் பார்த்தார். அங்கே குத்துக்கல்லாக உட்கார்ந்திருந்தது.

"என் மானம் பின்லாந்துல தொங்குது!"

"நீங்கதானே சொன்னீங்க, ஒருத்தனே நெனச்சா எல்லா எடத்துலயும் அழிக்க முடியாதுன்னு."

"அது திருச்செல்வத்துக்குச் சொன்னது! உனக்கில்ல!"

அவளை நீக்கும் பொத்தானின் மேல் விரலை வைத்தார். வைத்த விரல் அப்படியே நின்றது. திருச்செல்வமும் இப்படித்தானே வைத்திருப்பான்? அவனுக்கும் இப்படித்தான் காது சுட்டிருக்குமா? நானும் அவனும் ஒன்றுதானா? அந்தக் கேள்வி ஒரு நிமிஷம் அவரை அரித்தது. சொல்லப்போனால், அவர் வாழ்க்கையில் அதுதான் கடைசியாகத் தப்பித்திருக்கக்கூடிய நிமிஷம். இல்லை, ஒன்றில்லை என்று முடிவுகட்டினார். அவனுக்கு முறை தெரியாது. எனக்கு முறை தெரியும்.

காலைப் பசியாறலோடு முதல் வார்னிங் லெட்டர். மதியம் சாம்பாரோடு இரண்டாவது. நாலு மணிக்கு மூன்றாவது. ஞாயிறு காலை அடுப்படியில் விசாரணை.

சசிரேகா தனியாக வரவில்லை. தொழிற்சங்கத்து மகளிர் பகுதியில் பொறுப்பில் இருக்கும் பக்கத்து வீட்டு எவலினைத் தன் தரப்புக்குக் கூட்டி வந்திருந்தாள். எவலின் தேவாலயத்திலிருந்து நேராக வந்து நோட்டுப் புத்தகத்தைத் திறந்தாள்.

"அண்ணே, குற்றம் சாட்டுறது யாரு?"

"நான்."

"விசாரிக்கிறது?"

"நான்."

"சாட்சி?"

"நான்தான்."

"தீர்ப்பு?"

"வேற யாரு இருக்கா?"

"திருச்செல்வம்கூட இவ்வளவு வேலைய ஒண்டியா பாக்கல லா."

"எவலின், நீ சும்மா எழுது! குற்றச்சாட்டு ஒண்ணு: நிர்வாகியை உலக அளவில் இழிவுபடுத்தியது."

"பொய்யா எழுதினேன்?" என்றாள் சசிரேகா. "காளான் கொட்டகை முடிஞ்சுதா?"

"மழை!"

"ஸ்ட்ராபெரி?"

"நத்தை!"

"வெந்நீர்க் குழாய்?"

"வெயில் இல்லாத ஊருல சூரியனுக்கு நான் ஜவாப்தாரியா?"

"அது வாங்குறதுக்கு முன்னாடி தெரியாதா?"

எவலின் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். அவள் தோள் குலுங்கியது. குணாளன் மேசையைத் தட்டினார். தீர்ப்பு: நிரந்தர நீக்கம்.

"சரி அண்ணே," என்றாள் எவலின். "எழுத்து மூலமா பதில் குடுக்க ஏழு நாள் விடணும். அதுதானே முறை? வேணாம்னா இப்பவே தூக்குங்க, திருச்செல்வம் மாதிரி."

"நான் அவனா?" குணாளன் எழுந்தே நின்றுவிட்டார். "ஏழு நாள்! ஒரு நிமிஷம் குறையாது!"

அந்த ஏழு நாளும் சசிரேகா தங்கமாக நடந்துகொண்டாள். எதிர்ப்பேச்சு இல்லை. அவர் ஃபேக்டரி விட்டு வரும்போதெல்லாம் கணினியின் முன்னால் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தாள். மன்னிப்புக் கடிதம், பாவம், நீளமாக எழுதுகிறாள் என்று குணாளன் இரக்கப்பட்டார். கோபத்தில் இருக்கும் மனிதனுக்கு இரக்கம் வந்தால் அது மிகவும் சுகமான கோபம்.

எட்டாம் நாள் காலை தோசைத் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு தாள் இருந்தது. மன்னிப்பு இல்லை. ராஜினாமா.

குணாளன் தளத்தைத் திறந்தார். உறுப்பினர்கள்: ஒன்று. அந்த ஒன்று அவர்தான்.

"ரேகா! முப்பத்தெட்டுப் பேரும் எங்க?"

"வீடு மாத்திட்டாங்க. பழகுனவங்களும் கூடவே வர்ற மாதிரி ஒரு வசதி இருக்குன்னு வீடியோவுல காட்டினீங்கல்ல? அந்தப் பின்லாந்து அக்காகூட வந்துட்டாங்க."

"எந்த வீட்டுக்கு?"

"இதே பெட்டியிலதாங்க. இன்னொரு கண்டெய்னர் போட்டேன். கேட்டு ஜாகாகிட்ட புதுப் பேரச் சொல்லி வச்சேன். அந்தப் பேரக் கேட்டு வர்றவங்கள நம்ம வீட்டுக்கு அனுப்பிடுவார்."

"நம்ம வீடா? உனக்கு எப்படித் தெரியும் இதெல்லாம்?"

"ஒரு தடவ முழுக்கத் தட்டினவளுக்கு மறுதடவ தட்டத் தெரியாதா?"

குணாளனின் கை சுவரில் இருந்த பிளக்கை நோக்கிப் பாய்ந்தது.

"பிடுங்கிடுவேன்!"

"பிடுங்குங்க. உங்களுதும் சேர்ந்து போவும். திரும்ப ஏத்தணும்னா யார் தட்டுறது?"

கை நின்றது. தன் கணினி. தன் மின்சாரம். தன் கேட்டு, தன் ஜாகா. அதற்குள் நாற்பது பெண்கள் உட்கார்ந்து என்னவோ பேசுகிறார்கள், சிரிக்கிறார்கள், அவருக்கு ஒரு சொல் கேட்கவில்லை. தூக்கப்பட்டால்கூட ஏன் தூக்கினாய் என்று கத்தலாம். இங்கே அவரை யாரும் தூக்கவே இல்லை. அவரை மட்டும் விட்டுவிட்டு எல்லோரும் எழுந்து போயிருந்தார்கள்.

"என்னப் பத்தி எழுதுறீங்களா அங்க?"

"உள்ள வந்து பாருங்களேன்."

குணாளன் பல்லைக் கடித்துக்கொண்டு புதுப் பேரைக் கேட்டுத் தட்டினார். நான்காவது முயற்சியில் கதவு வந்தது. கதவில் ஒரு விண்ணப்பப் படிவம். பெயர், சேர விரும்பும் காரணம், உறுப்பினர் ஒருவரின் சிபாரிசு.

"சிபாரிசா? நீ என் பொண்டாட்டி! போடு உன் பேர!"

"நிர்வாகி சொந்தக்காரங்களுக்குச் சிபாரிசு பண்ணக் கூடாதுங்க," என்றாள் சசிரேகா, தோசையைத் திருப்பிப் போட்டபடி. "முறைன்னு ஒண்ணு இருக்குல்ல? எவலினைக் கேட்டுப் பாருங்க."

குணாளன் சட்டையை மாட்டிக்கொண்டு, வாய்க்குள் திட்டிக்கொண்டே பக்கத்து வீட்டு வாசலுக்குப் போனார். அங்கே ஏற்கெனவே நாலு புருஷன்மார் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள்.